ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடிக்கிறது?

தூக்கமின்மை பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படபடப்பைப் பற்றியவை. அதிலிருந்து நான்கை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளமாகப் போகும். அந்தத் தம்பி கேட்டிருப்பதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வீடு பல்லடம் பக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். வீரபாண்டி பிரிவு தாண்டியதும் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது. விரல் எல்லாம் மரத்துப்போய், வாயைச் சுற்றி எறும்பு ஊறுவது போல இருந்தது. வேர்த்துக் கொட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அருள்புரத்தில் இறக்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இ.சி.ஜி. நார்மல். அதற்கப்புறம் நாலு தடவை வந்துவிட்டது. எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. "உனக்கு ஒண்ணுமில்லை, போய் வேலையைப் பார்" என்கிறார்கள். ஒண்ணுமில்லை என்றால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது? இப்போது பஸ் ஏறுவதே இல்லை. நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை. மெடிக்கலில் தெரிந்தவர் கொடுத்த சின்ன மாத்திரையைப் பாதி பாதியாகப் போடுகிறேன். தூக்கம் வர சில நாள் ஒரு குவார்ட்டர். எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறதா? ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்து மிஷினில் தைத்த அண்ணன், 41 வயது, பொங்கலுக்கு முந்தின வாரம் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு முதல் தடவை வந்தது.

பதில்: தம்பி, "சொல்ல மறந்துவிட்டேன்" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும்.

தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர். பதினோரு மணி டீக்குச் சேர்ந்து போனவர். திடீரென்று ஒரு நாள் அந்த மிஷினில் வேறு ஆள். துணிக்கட்டு மட்டும் வழக்கம்போல வந்துகொண்டே இருந்திருக்கும். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் உட்கார்ந்து அழ எங்கே நேரம்? உங்கள் கண்ணும் கையும் துணியில் இருந்தன. மனசு மட்டும் அன்றிலிருந்து உங்கள் நெஞ்சைக் காவல் காக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் வேகமாக அடித்தால்கூட "வந்துவிட்டது" என்று அலறத் தயாராக ஒரு காவல். அலுப்பு, தூக்கக் குறைவு, வெறும் வயிறு, கூட்டம், புழுக்கம் எல்லாம் சேர்ந்த அந்த இரவில் அது அலறிவிட்டது.

கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதையும் பார்த்த டெஸ்ட்களையும் சேர்த்துப் பார்த்தால், இது பேனிக் அட்டாக். பீதித் தாக்கு என்று தமிழில் எழுதுகிறோம். சில நிமிடத்தில் உச்சிக்கு ஏறும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்திலேயே நாட்களை ஓட்டுவதும், வந்த இடத்தை ஒதுக்குவதும் சேர்ந்துகொண்டால் அதைப் பேனிக் டிஸ்ஆர்டர் என்கிறோம். பைத்தியம் பிடிப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறதா" என்ற பயமே இந்தத் தாக்கின் அறிகுறிகளில் ஒன்று. என் அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்காமல் எழுந்ததில்லை.

"ஒண்ணுமில்லை" என்று சொன்ன டாக்டர் உங்கள் இதயத்தைப் பற்றிச் சொன்னார். அதில் அவர் சொன்னது சரி. நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பதில் வரவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு தனிமையைத் தரும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை நானும் கேட்டிருக்கிறேன்.

1994. நான் ஹவுஸ் சர்ஜன். பிரசவ வார்டில் தொடர்ந்து மூன்றாவது இரவு டியூட்டி. இரண்டரை மணி இருக்கும். மாடிப்படி இறங்கும்போது பாதியில் கால் நின்றுவிட்டது. நெஞ்சு தொண்டைக்கு வந்து அடித்தது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மூன்று நாள் முன்பு என் கையில் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்திருந்தார். அடுத்தது நான் என்று அந்தப் படியில் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இதயம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் நாலரை வருடம் படித்திருந்தேன். அந்தப் படிப்பு ஒரு எழுத்தும் உதவிக்கு வரவில்லை.

மேலேயிருந்து வந்த ஸ்டாஃப் நர்ஸ், ஓய்வு பெறப் போகிற வயது அவருக்கு, என்னைப் படியிலேயே உட்கார வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, நாடியை எண்ணினார். "நூத்து முப்பத்திரெண்டும்மா" என்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மறுபடி எண்ணினார். "நூத்துப் பதினெட்டு." வார்டில் யாரோ கூப்பிட்டார்கள், "வரேன்" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுக் கையை விடவில்லை. "நூத்து நாலு. பாத்தீங்களா, தானா எறங்குது." தொண்ணூறு வந்ததும்தான் எழுந்து போனார். அவர் எந்த மருந்தும் தரவில்லை. ஆறுதல்கூடச் சொல்லவில்லை. அது தானாக இறங்கும் என்பதை எனக்குக் காட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகும் அந்த மாதத்தில் மூன்று இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். மூன்றையும் பார்த்த சீனியர் சொன்னது ஒரே வார்த்தை: ஒண்ணுமில்லை.

சரி, உங்கள் உடம்பில் அன்று என்னதான் நடந்தது?

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு கிடந்தால் யோசிக்கவா செய்வோம்? யோசனைக்கு முன்பே உடம்பு குதித்துவிடும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். ஓடுவதற்காகத் தொடைக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கும். வயிற்று வேலை நிற்கும், அதனால் பிசையும். உடம்பு சூடாகிவிடாமல் இருக்க வேர்க்கும். மூச்சு வேகமாகும். பாம்பு இருந்தால் இதெல்லாம் உயிரைக் காப்பாற்றுகிற வேலை. நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஓடவும் இடமில்லை, பாம்பும் இல்லை. ஆனால் உடம்பு ஓட்டத்துக்கான மூச்சை வாங்கிக்கொண்டே இருந்தது.

அப்படித் தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தில் கால்சியம் வேலை செய்கிற அளவு மாறும், அதனால் விரல் மரக்கும், வாயைச் சுற்றி எறும்பு ஊறும். சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொண்டு மடங்கிவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் வலிப்பு என்று பதறுவார்கள். மூச்சு போதவில்லை என்று நமக்குத் தோன்றும், உண்மையில் அப்போது மூச்சு அதிகமாகிவிட்டிருக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றுகூடக் கற்பனை இல்லை.

பிறகு ஏன் அடங்காமல் ஏறிக்கொண்டே போனது? 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதைத் தெளிவாக எழுதினார். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. "ஹார்ட் அட்டாக்" என்று அதற்கு நாம் தப்பான அர்த்தம் கொடுக்கிறோம். பயம் கூடுகிறது. பயம் கூடினால் நெஞ்சு இன்னும் அடிக்கும். "பார், நான் சொன்னேனே" என்று மனசு இன்னும் அலறும். இந்தச் சுற்று சில விநாடிகளில் நடந்துவிடும். இதற்குச் செய்யும் மனநலப் பயிற்சி முழுவதும் அந்த அர்த்தத்தை மாற்றுவதில்தான் இருக்கிறது.

உங்கள் கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். டிரெட்மில் ரிப்போர்ட். 220-இலிருந்து உங்கள் வயது 34-ஐக் கழித்தால் 186. உங்கள் வயதில் இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு அடிக்கும் என்பதற்கான தோராயக் கணக்கு இது. அதில் 85 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 158 துடிப்பாவது தொட வைக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு தொட்டது என்று அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். பஸ்ஸில் உங்கள் நெஞ்சு அடித்தது அனேகமாக அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஓடும்போது அவ்வளவு வேகத்தைத் தாங்கிய அதே இதயம்தான் பஸ்ஸிலும் இருந்தது. அந்தத் தாளைக் கோப்பில் மூடி வைக்காமல் ஒரு நாள் நிதானமாகப் படியுங்கள்.

இது உங்கள் கோழைத்தனமும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் பலருக்கு நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், கிறுகிறுப்பு. அப்படி 300-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அதைப் பற்றி எழுதினார். துப்பாக்கிக்கு நடுவில் நின்றவர்கள் அவர்கள். அதே 1871-இல், பெர்லினில் திறந்த சதுக்கத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடும் ஆண்களைப் பற்றி வெஸ்ட்பால் என்ற மருத்துவர் எழுதினார். உங்களுக்குப் பல்லடம் பஸ் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சதுக்கம்.

அடுத்த தடவை வரும்போது என்ன செய்வது? முதலில், அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். உங்கள் தொழிலிலேயே பார்த்திருப்பீர்கள்: பழைய கிளட்ச் மோட்டாரில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் நிற்கும். கொட்டிய அட்ரினலினும் அப்படித்தான். சில நிமிடம் ஓடித்தான் அடங்கும். "இது பேனிக். உச்சிக்குப் போகும், இறங்கும். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்" என்று உங்களுக்கு நீங்களே, வாய்க்குள் சொல்லுங்கள். மூச்சை மூக்கால் மெதுவாக, நாலு எண்ணும் வரை உள்ளே இழுங்கள். வயிறு உப்ப வேண்டும், மார்பு தூக்கக் கூடாது. ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். பயத்தை விரட்டுவதற்காக இதைச் செய்யாதீர்கள். கூடுதலாக வாங்கும் மூச்சைக் குறைக்கத்தான் இது. படுக்கையில் தினமும் காலையும் இரவும் ஐந்து நிமிடம் பழகினால்தான் பஸ்ஸில் கைகொடுக்கும்.

நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை விடுங்கள். என் கதையில் நர்ஸ் எண்ணினார், அது வேறு. நாமே எண்ணினால் ஏறியதை மட்டும்தான் பார்ப்போம்.

இப்போது பஸ் விஷயம். நீங்கள் இறங்கிவிட்டீர்கள், அப்புறம் படபடப்பு அடங்கியது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. இறங்காமல் இருந்திருந்தாலும் அடங்கியிருக்கும் என்பதை அது பார்க்கவே இல்லை. அதை இனிமேல் பார்க்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத மதிய நேரம், மனைவியையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஸ்டாப் மட்டும் போங்கள். படபடப்பு வரும். வரட்டும். அது பாதியாவது இறங்கிய பிறகு நீங்கள் இறங்குங்கள், உச்சியில் இருக்கும்போது இறங்காதீர்கள். அதே ஸ்டாப்பை நாலைந்து தடவை. சலிப்புத் தட்டும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீரபாண்டி பிரிவு வரை. அப்புறம் தனியாக. அப்புறம் கதவுப் பக்கம் இல்லாமல் நடு சீட்டில். அப்புறம் ஷிப்ட் விடுகிற நேரத்துக் கூட்டத்தில். கடைசியாகத் தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு. பாட்டில் உங்களைக் காப்பாற்றவில்லை தம்பி, அது பயத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை. ஒரு நாள் முடியாமல் போனால் பரவாயில்லை, அடுத்த நாள் அதற்கு முந்தின படியிலிருந்து தொடருங்கள். இதற்கு ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

அந்தச் சின்ன மாத்திரை. பெயர் எழுதவில்லை, ஆனால் அனேகமாக அல்பிரசோலம். சீக்கிரம் அமைதிப்படுத்தும், அதனால்தான் பிடித்துப்போகும். தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், பிறகு பாதி போதாது, முழுசு கேட்கும். நம் நாட்டில் இது ஹெச்-1 பட்டியலில் இருக்கிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது. அதோடு குவார்ட்டர் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம், உயிருக்கு ஆபத்து. தூக்கக் கலக்கத்தோடு ஓவர்லாக் ஊசிக்கும் கத்திக்கும் பக்கத்தில் விரல் வைக்கிறீர்கள் என்பதும் எனக்குக் கவலை. ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: தினமும் போட்டு வந்திருந்தால் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். குடியைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரவு பயத்தைப் போக்கியது போலத் தெரியும் சரக்குதான், மறுநாள் காலை கைநடுக்கத்தையும் படபடப்பையும் கொண்டுவருகிறது.

மருந்து தேவைப்பட்டால் டாக்டர் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஏதாவது கொடுப்பார். இவை அடிமைப்படுத்தும் வகை இல்லை. குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். முதல் ஒரு வாரம் பத்து நாள் குமட்டல் இருக்கலாம், படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். தாம்பத்திய ஆசை குறைவது போன்ற பக்கவிளைவு வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மாற்ற வழி உண்டு. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள், அங்கிருந்து அனுப்புவார்கள். அதற்கு முன் பேச வேண்டும் போல இருந்தால் 14416, டெலி மானஸ். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அதே எண்தான், தாமதிக்காதீர்கள்.

பொதுவாக எல்லோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பதிலைப் படித்துவிட்டு, முதல் தடவை வரும் நெஞ்சு வலியை யாரும் பேனிக் என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. இந்தத் தம்பி எல்லா டெஸ்ட்டும் பார்த்தவர். நடந்தால், சுமை தூக்கினால் வலி வந்து நின்றால் குறைவது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, பாறாங்கல் வைத்தது போல அழுத்துவது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இனம் தெரியாத மூச்சுத் திணறல்: இதெல்லாம் 108-ஐக் கூப்பிட வேண்டிய விஷயம்.

இன்னும் ஒன்று தம்பி. அந்த அண்ணன் வீட்டுக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது, காரைக்குடி. இரவு இரண்டு மூன்று மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வருகிறது. உடம்பெல்லாம் தீயாகக் கொதித்து, நைட்டி நனைந்துவிடுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம் விடியும் வரை பயம். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. மருமகள் "இது மெனோபாஸ் அத்தை" என்கிறாள். வீட்டுக்காரர் பிரஷர் என்கிறார்.

பதில்: மருமகள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கப் போகிற வருடங்களில் உடம்பில் திடீரென்று அலை போலச் சூடு பரவும். சூட்டலை என்போம், ஆங்கிலத்தில் ஹாட் ஃப்ளஷ். அது மார்பிலிருந்து கழுத்து, முகம் என்று ஏறும். வேர்த்ததும் குளிரும். சில நிமிடத்தில் முடியும். பயம் அதற்குப் பின்னால் வரும். பேனிக்கில் பெரும்பாலும் பயமும் படபடப்பும் முன்னால் நிற்கும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேனிக்கும் உண்டு, கெட்ட கனவு ஏதும் இல்லாமலே வரும். உங்களுக்கு இரண்டும் கைகோத்து வருவது போலத் தெரிகிறது. சூட்டலை எழுப்பிவிடுகிறது, இருட்டில் தனியாக விழித்திருக்கும் மனசு மீதியைச் செய்துவிடுகிறது.

முதலில் ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை நான்கையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மனசுக்கு வைத்தியம் பார்ப்பது தவறு. பிறகு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சூட்டலைக்கும் பதற்றத்துக்கும் சேர்த்தே உதவுகிற மருந்துகள் இருக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். காரைக்குடிக்காரரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் ஒரு மாதம் செய்து பாருங்கள்.

விழித்ததும் படுத்தே புரளாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, துணி மாற்றி, மின்விசிறியைக் கூட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தூக்கம் வரும் வரை சின்ன வெளிச்சத்தில் ஏதாவது கைவேலை செய்யுங்கள். மணி பார்க்க வேண்டாம். உங்கள் மருமகளிடம் இதைப் பேச முடிகிறதே, அது எத்தனையோ வீடுகளில் இல்லாத ஒன்று.

கேள்வி: என் தங்கை தேனியில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்கு இது வரும்போது ஆளாளுக்கு முகத்தில் தண்ணீர் அடிக்கிறோம், கையில் சாவிக்கொத்து கொடுக்கிறோம், பேப்பர் கவரில் ஊதச் சொல்கிறோம். எது சரி?

பதில்: மூன்றும் வேண்டாம். சாவிக்கொத்து வலிப்புக்கே உதவாது, இதற்கு எப்படி உதவும்? பேப்பர் கவர் முறையை இப்போது நாங்கள் சொல்வதில்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்து அது தெரியாமல் போனால் ஆபத்து. கூட்டத்தை விலக்கிவிட்டு நீங்கள் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்குப் பிடித்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நான் இருக்கேன்டி, எறங்கிரும்" என்று மெதுவான குரலில் ஒரு தடவை சொன்னால் போதும். "பயப்படாதே" என்று பத்துப் பேர் கத்தினால் யாருக்குத்தான் பயம் வராது? அவளோடு சேர்ந்து நீங்களும் மெதுவாக மூச்சு விடுங்கள், உங்கள் வேகத்துக்கு அவள் வருவாள். முடிந்த பிறகு உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும், தூங்க விடுங்கள். ஹாஸ்டலை விட்டு நிறுத்திவிடலாமா என்ற பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தஞ்சாவூர் பக்கம் கிராமம். படபடப்புக்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டான். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று பூசாரியிடமும் மந்திரித்தோம். இப்போது சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா? எதனால் சரியானது என்றும் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, மாத்திரையை நிறுத்த வேண்டாம். நன்றாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். இரண்டு மாதத்தில் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. எப்போது, எப்படிக் குறைப்பது என்று கொடுத்த டாக்டரே சொல்வார். அவன் கையில் கட்டிய கயிறு அவனுக்குத் தைரியம் தந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வேப்பிலை அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது எதுவும் கூடாது. மூச்சுக்குத் திணறுகிற பிள்ளைக்குப் புகை போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றும் மனம் பதறுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவனைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். மாத்திரை அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். தீர்வதற்கு நாலு நாள் முன்பாவது போய் வாங்கி வந்துவிட வேண்டும்.